எல்லைவரை கேட்ட சரவெடி

“இசை, எந்த ரூம்?”

போனில் முனியராஜ் அண்ணன் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாமல் இல்லை. ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய பதில்தான். அதைச் சொல்லவிடாமல் செய்தவர் ஒரு சல்யூட்காரர். ஆகவே முதலில் சல்யூட்காரர் என்ற இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

சல்யூட்காரர் பட்டாளத்தில் இருந்தவர் அல்ல. பட்டாளத்தில் இருந்தவர்கள் ஊருக்கு வந்தால் கைலியைக் கட்டிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்பார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சல்யூட்காரரைக் கண்டுபிடிப்பதில் கஷ்டமே இல்லை. காலையில் பல் தேய்க்கும் முன்பே, பனிமலையில் துப்பாக்கியோடு நிற்கும் வீரர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து, ‘இவர் விழித்திருப்பதால் நாம் உறங்குகிறோம்’ என்று அதன் கீழே எழுதி, எழுதிய கையோடு மறுபடியும் படுத்து உறங்கி, வெயில் ஏறியபின் எழுந்து, பச்சைத் திட்டுப் போட்ட கால்சட்டையை மாட்டி, பைக்கின் முன்னால் கொடி, பின்னால் ‘ஜெய்ஹிந்த்’ ஸ்டிக்கர், நடுவில் தொப்பை என்று கடைவீதிக்குக் கிளம்புகிறாரே, அவர்தான்.

அவர் வாயில் எல்லை எப்போதும் தயாராக இருக்கும். கரண்ட் போய் யாராவது உஸ்ஸென்றால், “எல்லையில நம்ம பயலுக பனியில நிக்கிறாக, ஒனக்கு ஃபேன் கேக்குதோ?” வீட்டில் யாராவது சாம்பாரில் உப்பில்லை என்றால், “எல்லையில என்ன சாம்பாரா ஊத்துறாக?” கடைக்கு வந்தவர் தள்ளுபடி கேட்டால், அதற்கும் எல்லைதான். பனியில் நிற்கும் அந்தப் பாவப்பட்டவர்களுக்குத் தெரியுமா, தங்களைக் காட்டித் திருத்தங்கலில் எத்தனை பேர் வாயை அடைக்கிறார்கள் என்று?

ஒட்ட வெட்டிய தலையைக் கண்டால் இவர் கை தானாக நெற்றிக்குப் போகும். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஒருவரை நிறுத்திச் சல்யூட் அடித்து, கட்டிப்பிடித்து, செல்ஃபி எடுத்து, கண்கலங்கி, டீயும் வாங்கிக் கொடுத்தபிறகு எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டிருக்கிறார். அந்த ஆளோ, இருக்கன்குடி கோயிலில் மொட்டை போட்டு இப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருக்கும் லாரி டிரைவர். அதற்காக செல்ஃபியை அழித்தாரா? அதெப்படி? அதற்குள் எழுபது பேர் லைக் போட்டுவிட்டார்கள்.

எங்கள் சண்முகவேல் அண்ணாச்சி இந்த இனத்தின் மாணிக்கம். திருத்தங்கலில் பட்டாசுக் கடை வைத்திருக்கிறார். கெட்ட மனுசர் இல்லை. சிக்கலே அதுதான். போன சீசனில் அவருக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. ஊர் உலகமெல்லாம் நம் பட்டாசைக் கொளுத்துகிறதே, எல்லையில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கிடையாதா? உடனே ஒரு கிஃப்ட் பாக்ஸைக் கட்டித் தூக்கிக்கொண்டு பார்சல் ஆபீசுக்குப் போனார்.

“தம்பி, எல்லைக்கு வெடி அனுப்பணும்.”

கவுண்டரில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். “என்ன சொன்னீக?”

“வெடிப்பா. நல்லாப் பெரிய சைஸு. நேரா ராணுவ கேம்புக்கு.”

அந்தத் தம்பி பின்பக்கமாகவே நடந்துபோய் ஷட்டரைப் பிடித்துக்கொண்டதாகக் கேள்வி. பட்டாசைப் பார்சலில் அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணாச்சிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் நன்றி உச்சந்தலைக்கு ஏறிவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துவிடும். வெளியே வந்து பைக்கை உதைக்கும்போதே அடுத்த யோசனையும் வந்துவிட்டது.

“வெடி போகலைன்னா என்னலே? சத்தம் போகும்ல!”

சத்தம் போக ஒரு போன் வேண்டும். போனின் மறுமுனையில் ஒரு நிஜப் பட்டாளத்துக்காரர் வேண்டும். அப்படித்தான் அண்ணாச்சி எங்கள் பக்கத்து வீட்டு இருளம்மாள் அத்தையைத் தேடி வந்தார்.

அத்தை அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் மகன்தான் முனியராஜ் அண்ணன். ராணுவத்தில் லாரி ஓட்டுகிறார். மலைமேல் இருக்கும் அவர் முகாமில் டவர் கிடையாது. லோடு ஏற்ற லாரி கீழே இறங்கும் நாளில்தான் கூப்பிடுவார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், வேலை நாளில் அத்தையின் போன் எங்கள் வீட்டில்தான் கிடக்கும். அண்ணன் கூப்பிட்டால் நான் எடுத்து, “அத்த கம்பெனியில இருக்காகண்ணே” என்பேன். அவ்வளவுதான் பேச்சு. போன தடவை அதிசயமாக அத்தையே வீட்டில் இருந்து எடுத்தார். அண்ணன் நாலு வார்த்தை பேசுவதற்குள் எட்டுத் தடவை இருமினார். பாதியில் டவர் போய்விட்டது. அந்த இருமல் அத்தையின் காதிலேயே தங்கிவிட்டது.

“வெள்ளிக்கிழம சாய்ங்காலம் எறங்குதானாம், மெசேசு வந்துச்சு. அன்னைக்கு அர நாள் லீவு சொல்லிட்டேன் அண்ணாச்சி. இருமல் நின்னுச்சான்னு ஒரு வார்த்த கேக்கணும்.”

“கேளு தாயி! மேடையில ஒக்காந்து கேளு! ஒனக்கே பாராட்டு விழா!”

“விழால்லாம் எதுக்கு அண்ணாச்சி? இருமலக் கேட்டாப் போதும்.”

சல்யூட்காரர் காதில் இப்படிப்பட்ட வார்த்தைகள் ஏறாது. நேரே நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்துவிட்டார். பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று பிடிபடாமல் அங்கே டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். ‘வீரத்தாய்க்கு வணக்கம்’ என்று போடச் சொன்னார். போட்டேன். தன் படத்தைப் போடச் சொன்னார். போட்டேன். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். வீரரின் படம் தபால் தலை அளவுக்குச் சுருங்கியது. வீரத்தாய்க்கு இடமே இல்லை.

“ஏத்தா, முனியராஜுக்குப் பின்னால ஒரு பீரங்கியப் போடு.”

“அண்ணன் லாரி டிரைவர், அண்ணாச்சி.”

“ஏன், பீரங்கிக்கு டிரைவர் வேண்டாமா?”

பீரங்கியும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைக்கு முன்னால் சாமியானா, மேடை, மைக், கூட்டம். பத்தாயிரம் வாலா சரத்தை எதிரே இருந்த காலி மனையில் மலைப்பாம்பு மாதிரி விரித்து வைத்திருந்தார்கள். கடை வாசலில் இல்லை. அண்ணாச்சியின் தேசபக்திக்குச் சரக்கு பத்திரம் தெரியும். நடு நாற்காலியில் இருளம்மாள் அத்தை. கையில் ஒட்டிய அலுமினியப் பொடி முழுசாகப் போகாமல் விரலெல்லாம் வெள்ளி பூசினாற்போல மின்னியது. மேலே பொன்னாடை. மடியில் போன். பேசியவர்கள் எல்லோரும் எல்லையைப் பற்றிப் பேச, அத்தை போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அத்தையின் முகம் இருந்ததே, அதை ஃப்ளெக்ஸில் போட்டிருக்கலாம்.

“இருங்க தாயி!” அண்ணாச்சி பாய்ந்து போனைப் பிடுங்கினார். “ஊரே கேக்கட்டும்!” என்று ஸ்பீக்கரைப் போட்டு மைக்கில் ஒட்டவைத்தார். மைக்குக்கும் போனுக்கும் என்ன பகையோ, கூஊஊ என்று ஒரு அலறல். முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். அந்த அலறலுக்கு நடுவே அண்ணாச்சி, “வீர மைந்தா! திருத்தங்கல் மண்ணின்...” என்று ஆரம்பித்தார். மறுமுனையில் “அலோ, அலோ” என்பது மட்டும் கேட்டது. “அவன்தான், கொடுங்க அண்ணாச்சி” என்று அத்தை கையை நீட்டினார். அண்ணாச்சி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, போனை என்னிடம் திணித்தார்.

“ஏத்தா இசைவாணி, அங்கன ஓடு! சரத்துப் பக்கம் காட்டு! எல்லைவர கேக்கட்டும்! கொளுத்துங்கலே!”

நான் ஓடிக்கொண்டே போனைக் காதில் வைத்து, “அண்ணே, நான் இசை” என்றேன். அதே நொடியில் சரம் பிடித்தது.

இப்போது முனியராஜ் அண்ணனின் இடத்தில் இருந்து பாருங்கள். அம்மாவின் போனில் ஒரு அலறல். அப்புறம் என் குரல். என் குரல் கேட்டால் அம்மா கம்பெனியில் இருக்கிறார் என்று அர்த்தம். அதன் பின்னால் வெடி. நிற்காமல் வெடி. வெளியூர்க்காரருக்கு வெடிச் சத்தம் என்றால் தீபாவளி. கம்பெனிப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. கம்பெனிக்குள் வெடிமருந்து வேலை நடக்கும் ஒவ்வொரு தனி அறையையும் நாங்கள் ரூம் என்போம். எங்கேயாவது சத்தம் கேட்டால் எங்கள் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான்.

“இசை, எந்த ரூம்? அம்மா எந்த ரூம்?”

“ரூம் இல்லண்ணே, சரம்! சரம்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பத்தாயிரமும் வெடித்து முடிந்தபோது லைன் போயிருந்தது.

மேடையில் அண்ணாச்சி பூரித்துப்போய் நின்றார். “நம் வெடிச்சத்தம் கேட்டு அந்த வீரனுக்கு மெய் சிலிர்த்திருக்கும்!” உண்மைதான். சிலிர்த்துத்தான் இருக்கும்.

நான் ஓடிவந்து அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் போனை வாங்கித் திருப்பிக் கூப்பிட்டார். போகவில்லை. “மலை ரோட்டுல வண்டி ஓட்டுறவன்ளா” என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் அண்ணன் டவர் கிடைத்த இடத்தில் நின்று, தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டார்கள். ‘அச்சங்குளத்தில் சத்தமாம்’ என்று கிளம்பிய செய்தி, ஏழாயிரம்பண்ணை போய்ச் சாத்தூர் வந்து சிவகாசியில் திரும்பி, திருத்தங்கலுக்குள் நுழையும்போது ‘சண்முகவேல் கடையாம்’ என்று வளர்ந்திருந்தது. அண்ணாச்சியின் போன் அடித்தது. மைக்குக்குப் பக்கத்திலேயே எடுத்தார்.

“என்ன? வெடிச்சிருச்சா? எங்கன? எந்தக் கடை?” முகம் வெளுத்துவிட்டது. “எங் கடையா! ஐயையோ!” என்று, தன் கடைக்கு முன்னாலேயே நின்றுகொண்டு தலையில் கைவைத்தார்.

தெருக்கோடியில் இருந்து அவர் மனைவி லட்சுமிகாந்தம் அக்கா, காலில் செருப்பில்லாமல், கையில் தோசைக் கரண்டியோடு ஓடிவந்தார். கடையைப் பார்த்தார். சாமியானாவைப் பார்த்தார். மாலையும் கழுத்துமாக நின்ற புருசனைப் பார்த்தார்.

“உசுரோடதான் இருக்கீகளா?”

“இருக்கேன் லட்சுமி.”

“இருங்க, வாறேன்” என்று கரண்டியோடு மேடை ஏறினார்.

அது தனிக் கதை. இங்கே பெரிய சங்கடம், இருளம்மாள் அத்தையின் போன்தான். நலம் விசாரித்து ஆள்மாற்றி ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அச்சங்குளம், சூலக்கரை, சொந்தம், சொந்தத்தின் சொந்தம். “ஆமா, உசுரோட இருக்கேன், வைங்க” என்று வைப்பதற்குள் அடுத்தது. இத்தனை அக்கறைக்கு நடுவே மகன் எந்தச் சந்தில் நுழைவான்?

அத்தை எழுந்தார். பொன்னாடையை நாற்காலியில் போட்டார். மைக்கைப் பிடித்தார். அதுவரை அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

“எல்லாரும் கொஞ்ச நேரம் போன வைங்க. ஒங்க ஆளுககிட்டயும் சொல்லுங்க. எம் மகன் கூப்பிடணும்.”

அன்று மேடையில் பேசப்பட்டதிலேயே நல்ல பேச்சு அதுதான். யாரும் கைதட்டவில்லை. கூட்டம் முழுக்கத் தத்தம் போனில் கிசுகிசுத்தது: “கூப்பிடாதீக, அவ மகன் கூப்பிடணுமாம்.” அப்புறம் எல்லோரும் வாய் மூடி நின்றோம். லட்சுமிகாந்தம் அக்காகூடக் கரண்டியை இறக்கிவிட்டார்.

போன் அடித்தது. சுற்றி இருந்த அமைதியில் இரண்டு பக்கமும் எங்களுக்குக் கேட்டது.

“எந்த ரூம்?” என்றார் மகன்.

“இருமல் நின்னுச்சா?” என்றார் தாய்.

இரண்டும் ஒரே நேரத்தில். அப்புறம் அத்தை சிரித்தார். “ரூமும் இல்ல, ஒண்ணும் இல்லய்யா. ஒனக்கு நன்றி சொன்னாக.”

“யாரும்மா?”

அண்ணாச்சி மெல்ல நகர்ந்து வந்தார். “தாயி, ஒரே ஒரு நிமிசம் குடு. ஒரு ஜெய்ஹிந்த் மட்டும்...”

அத்தை போனைப் பொத்திக்கொண்டு, “நானே சொல்லிருதேன் அண்ணாச்சி, நீங்க ஒக்காருங்க” என்றார். அண்ணாச்சி உட்கார்ந்தார். வீரத்தாயின் நாற்காலியில்தான்.

இருமல் நின்றுவிட்டதாம். ஊருக்கே சந்தோஷம்.

இதைப் படித்து நீங்கள் சிரித்திருந்தால், யாரை நினைத்துச் சிரித்தீர்கள் என்று எனக்குத் தெரியும்: உங்கள் தெருவில் இருக்கும் ஒருவரை. அவரும் இதைப் படித்தால் உங்களை நினைத்துத்தான் சிரிப்பார். இந்தக் கதையை நாலு பேருக்கு அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் நீங்கள் இந்தியரே அல்ல என்றெல்லாம் மிரட்டமாட்டேன். பட்டாளத்துக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு முதலில் அனுப்புங்கள். அனுப்பும்போது மேலே ஒரு கொடியும், ஓரமாக உங்கள் படமும் மட்டும் சேர்க்காதீர்கள்.

என்ன, கை ஏற்கெனவே நல்ல படமாகத் தேடுகிறதா?