பாட்டுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல்

ரெபோலோ, பாரன்கியா,
ஜனவரி 19, திங்கள் காலை.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் ரொசெண்டோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை யாதிராவின் கணவன் எரிபெர்தோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் போகோட்டாவுக்கு வந்து சேரும்போது அங்கே குளிர் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றும், உங்கள் சர்க்கரை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே என் முட்டியைத் தவிர எல்லோரும் சௌக்கியம். கையில் ஃபோன் இருக்கும்போது இவனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஃபோனில் பேசி அனுப்பியதைத் திரும்பப் பிடிக்க முடியாது, மச்சான். காகிதம் அப்படியில்லை, தபால் நிலைய வாசல் வரைக்கும் கொண்டுபோய்விட்டுக்கூட மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடலாம். இந்த ஞானம் எனக்குப் பதினொரு நாள் முன்னால் வந்திருந்தால் உங்களைத் தொந்தரவே செய்திருக்க மாட்டேன்.

வீட்டிலேயே ஒரு பாட்டை மிக்ஸ் செய்து மாஸ்டரிங்கும் செய்ய கணினியில் போடுகிற பிளகின் மென்பொருள் எதை வாங்கலாம் என்று நவம்பரில் உங்களிடம் கேட்டேன். முப்பது வருஷம் வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்தவர், நிதானமாகப் பதில் சொன்னீர்கள். "மூணே மூணு போதும் மாப்பிள்ளை. குரலைத் திருத்த ஒரு ஈக்வலைசர், அடக்கி வைக்க ஒரு கம்ப்ரெஸர், கடைசியில மூடி போட ஒரு லிமிட்டர். மீதி வேலைய உங்க காது பாத்துக்கும்" என்றீர்கள். பொன்னான வார்த்தை. இன்றைய தேதியில் என் கணினியில் நாற்பத்தொரு பிளகின்கள் இருக்கின்றன. காது இரண்டும் டாக்டரிடம் போய் வந்துவிட்டன.

நான் இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டியவன். எனக்குப் புரிந்த வரையில் மிக்ஸிங் என்பது ஏறியவர்களை இடித்துக்கொள்ளாமல் உட்கார வைப்பது, மாஸ்டரிங் என்பது கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுப்பது. இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்துத்தான் இறங்கினேன். அதுவும் ஏற வேண்டியவர் ஒரே ஒருத்தி. யாதிரா ஸ்பெயினுக்கு, சரகோசாவில் அந்த வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போய் இருபத்தாறு மாதம் ஆகிறது, உங்களுக்கே தெரியும். அக்டோபரில் அந்த வீட்டுச் சமையலறையில் நின்று ஒரு பாட்டுப் பாடிப் பதிந்து அனுப்பினாள். வார்த்தை அவளுடையது. மெட்டை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது, நல்ல மெட்டென்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பாட்டோடு கூடவே சொல்லியிருந்தாள்: "யோவ் எரி, கார்னிவலுக்கு லீவு கேட்டிருக்கேன். ஜனவரி கடைசிக்குள்ள உறுதி பண்ணணும், இல்லன்னா அந்த லீவ இன்னொரு நர்ஸு எடுத்துக்குவா. நான் வர்றதுக்குள்ள இதச் சுத்தம் பண்ணி வை. தூலியோவோட பிகோவுல, தெருவே அதிர்ற அந்த ஸ்பீக்கர் பெட்டியில போடணும். நான் நம்ம வாசல்ல நின்னுக்கிட்டுக் கேக்கணும்." மச்சான், அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. பாட்டைவிட அதிகம்.

சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். முதலில் எதிரொலி சேர்க்கும் பிளகின் ஒன்றைப் போட்டு, அதில் 'தேவாலயம்' என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். யாதிராவின் குரல் எங்கேயோ உயரத்தில் ஏறிக்கொண்டது. பக்கத்து வீட்டு நூபியா ஜன்னலில் வந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டு, "யாருண்ணே போயிட்டாங்க? அடக்கம் எப்போ?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்வதற்குள் ஒரு சட்டி சூப்பும் வந்துவிட்டது, குடித்தேன், நன்றாக இருந்தது. அடுத்து ஒரு கம்ப்ரெஸர். அது நிமிஷத்துக்கு ஒருதரம் இரண்டு நொடி ஊமையாகிவிடும். என் காதில்தான் கோளாறு என்று மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்று இரண்டு காதையும் பீய்ச்சிக் கழுவிக்கொண்டு வந்தேன். அப்புறமும் ஊமையானது. இலவசப் பதிப்பென்றால் அப்படித்தான் நடுநடுவே வாயை மூடுமாம், வாங்கினால்தான் முழுக்கப் பேசுமாம். பிறகு சுருதி திருத்தும் பிளகின். அதைப் போட்டதும் உங்கள் தங்கை 'இந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை' என்று சொல்லும் பெண்மணி மாதிரி ஆகிவிட்டாள். மூன்றாவது அடியில் அவள் ஒரு இடத்தில் சறுக்குவாள், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தச் சறுக்கல் உண்டு. அதைத்தான் முதலில் நேராக்கியது. உடனே தூக்கிப் போட்டேன்.

இரைச்சல் நீக்கும் பிளகின்தான் என் குடியைக் கெடுத்தது. அதைப் போட்டதும் குழாய்த் தண்ணீர் போயிற்று, பாத்திரச் சத்தம் போயிற்று, கேட்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது அடிக்கு முன்னால் அவள் மூச்சு வாங்குவாளே, ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது வாங்குகிற அதே மூச்சு, அதுவும் சேர்ந்து போய்விட்டது. மச்சான், இரண்டு வருஷமாக இந்த வீட்டில் அந்த மூச்சு இல்லை. பாட்டில்தான் இருந்தது. அதையும் என் கையாலேயே துடைத்துவிட்டேனே என்று பதறிப் பொத்தான்களைத் தட்டினேன். அதில் ஒரு பொத்தான், 'நீக்கியதை மட்டும் கேட்க' என்று. தட்டினேன். குழாய் கேட்டது. பாத்திரம் கேட்டது. அவள் மூச்சும் கேட்டது, உயிர் வந்தது. அதற்குப் பின்னால், வாயை மூடிக்கொண்டு, சாவகாசமாக, சொந்த வீட்டில் நிற்கிறவனைப்போல ஒரு ஆண்பிள்ளை ராகம் இழுத்துக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டில் ஆண்பிள்ளையே கிடையாது. அவளே சொன்னது: அந்த அம்மா, ஒரு பூனை, பூனையும் பெண்.

அதற்கப்புறம் நான் பாட்டைச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டேன். அந்த ஆளைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். யாதிராவை விலக்கிவிட்டு அவனை மட்டும் பிரித்தெடுக்க ஒன்று, அவன் தொண்டையைத் துலக்க ஒன்று, அவனை முன்னால் இழுக்க ஒன்று என்று பிளகின் மேல் பிளகினாக இறக்கினேன். உலகத்தில் எல்லோரும் பின்னணியில் இருப்பதை அழிக்க வழி கேட்கிறார்கள், நான் ஒருவன்தான் வளர்க்க வழி கேட்டவன். கணினி கொதித்தது. ஈரத்துண்டு போர்த்தி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வேர்வையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தொன்றாவது பிளகினில் அவன் தெளிவாகக் கேட்டான். பாடத் தெரியாதவன். மூக்கால் இழுக்கிறான். இப்படி ஒருத்தனிடம் என்னத்தைக் கண்டாள் என்றுதான் எனக்கு ஆறவேயில்லை.

அன்று வியாழன், எட்டாம் தேதி. காபி போட அடுப்படிக்குப் போனவன், கொதிக்கிற மனசோடு ஃபோனை எடுத்துப் பேசி அனுப்பிவிட்டேன். வழக்கம்போல என் முட்டியில் ஆரம்பித்து, தண்ணீர் வராததைச் சொல்லி, கடைசியில், "உனக்குத்தான் அங்கயே பாட்டுக்குத் துணை கெடச்சாச்சே. கார்னிவலுக்கெல்லாம் நீ வர வேணாம். இங்க யாரும் உனக்காக வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கல" என்று சொன்னேன். பொய், மச்சான். கணினி மேஜையையே வாசலைப் பார்க்கிற மாதிரித்தான் போட்டிருக்கிறேன். மறுநாள் கேட்டுவிட்டாள் என்பதற்கான இரண்டு நீலக்குறியும் விழுந்தன. அதன் பிறகு ஒரு சத்தம் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தாங்க முடியாமல் அந்த ஆளை ஒரு பென் டிரைவில் ஏற்றித் தூலியோவிடம் கொண்டுபோனேன். போகோட்டாவில் இருந்து இருந்து உங்களுக்கு மறந்திருக்கும், நம் தெருவில் எந்தப் பாட்டும் பிகோவில் ஒலிக்கிற வரைக்கும் பாட்டு இல்லை. தூலியோவின் பிகோ, 'ஒற்றைக்கண் புலி', இப்போது இரண்டு ஆள் உயரம், புதுசாகப் புலியின் மீசைக்கு வர்ணம் அடித்திருக்கிறான். ஞாயிறு மதியம் அதை வாசலில் தள்ளிவைத்துப் புதுப்பாட்டைப் போடுவான். ஜன்னலில் இருக்கிற பெண்கள் நல்லது கெட்டது சொல்வார்கள், அதுதான் தீர்ப்பு. நான் அவன் காதோடு, "யாரு என்னன்னு கேக்காத. இந்தக் குரல பெருசாப் போட்டுக் காட்டு. எந்த ஊருக்காரன்னு நான் தெரிஞ்சுக்கணும்" என்றேன்.

"பாட்டு எங்கப்பா?"

"பாட்டு வேணாம். இவன் மட்டும்."

போட்டான். ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. ரெபோலோ முழுக்க அந்த மூக்கு ராகம். நான் முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்கிறேன். நூபியா ஜன்னலைத் திறந்தாள். "ஏண்ணே, இருபத்தேழு வருஷம் உங்க பஸ்ஸுல ஏறி இத ஓசியில கேட்டது பத்தாதா? இப்ப ஒலிபெருக்கி வேறயா?"

"எது?" என்றேன்.

"இதான். உங்க முனகல்."

தெருவே சிரித்தது. தூலியோ புலியின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். "அடப்பாவி, ஒன் கொரல் ஒனக்கே தெரியலியா?" நான் விடவில்லை. இந்த ஆள் இருப்பது ஸ்பெயினில், என் குரல் இதைவிடக் கம்பீரம் என்று வாதாடினேன். தூலியோ இன்னும் கொஞ்சம் திருகினான். ராகத்துக்கும் பின்னால், தூரத்தில், ஒருத்தன் கூவுவது கேட்டது: "பழம்... வெண்ணெய்ப்பழம்!" தள்ளுவண்டியோடு கூட்டத்தில் நின்றிருந்த பெனீத்தோ தொப்பியைக் கழற்றினான். "அண்ணே, அது நான்தான். காலைல ஒங்க அடுப்படி ஜன்னலுக்கு நேரா நின்னுதான் கூவுவேன்."

அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு ஃபோனில் பேசி அனுப்பும்போது நிறுத்துகிற பொத்தானை அழுத்த எனக்கு நினைவிருப்பதில்லை. பேச்சு முடிந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும், நான் பாட்டுக்கு ராகம் இழுத்துக்கொண்டே காபி போடுவேன். அதை அவள் அங்கே சமையலறையில் ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து பாடித்தான் பதிந்திருக்கிறாள். என் மனைவி என்னோடு பாடிய பாட்டுக்காக நான் என் மனைவியை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பெனீத்தோ ஒரு பழத்தைச் சும்மா கையில் வைத்துவிட்டுப் போனான். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

ஆகவே, மச்சான், இரண்டு உதவி. முதலாவது சின்னது. இந்த நாற்பத்தொன்றில் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று சொல்லுங்கள். குழாயும் பாத்திரமும் அவள் மூச்சும் சறுக்கலும் இருந்தபடியே இருக்கட்டும், குரல் மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வந்தால் போதும். இரண்டாவதுதான் பெரியது. நீங்கள் யாதிராவுக்கு ஃபோன் செய்து பேச வேண்டும். நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள், அண்ணன் பேச்சைத் தட்டமாட்டாள். அந்த மடையன் தன் குரலைக் கண்டே சந்தேகப்பட்டான் என்று சொல்லுங்கள், சிரிக்கட்டும். ஜனவரி முடிய பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. அவள் வராவிட்டால் இந்தப் பாட்டை நான் எந்த வாசலில் நின்று கேட்பது?

உங்கள் வீட்டில் அக்காவின் இடுப்பு வலி தேவலையா? அவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி. புனித ரோக் உங்கள் வீட்டு வாசலில் நோய் நொடி அண்டாமல் காவல் நிற்கட்டும், உங்கள் காது நூறு வயது வரைக்கும் கூர்மையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
புத்தி கெட்ட மாப்பிள்ளை,
எரிபெர்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், ஆவி காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். யாதிராவுக்கு ஃபோன் செய்யாதீர்கள். மேலே எழுதியதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குத் தெரியக் கூடாது. இப்போதுதான் அவளிடமிருந்து வந்தது, அப்படியே எழுதுகிறேன்: "யோவ் எரி, ஃபோன் பாத்திரம் கழுவுற தொட்டில விழுந்து ரிப்பேருக்குப் போயிருந்துச்சு, இன்னிக்குத்தான் கைக்கு வந்துச்சு. டிக்கெட் போட்டாச்சு. பிப்ரவரி பதினொண்ணு, புதன்கிழமை எறங்குறேன். நீ கடைசியா அனுப்பினதுல ராகம் ரொம்பச் சோகமா இருந்துச்சே, ஒடம்பு சரியில்லயா? பேச்ச நான் கேக்கல, கோச்சுக்காத. எப்பவுமே கேக்குறதில்ல. முட்டி, தண்ணி, நூபியாவோட சேவல், அதானே? நேரா கடைசிக்குப் போயிடுவேன். நீ நிறுத்த மறந்துட்டு இழுப்பியே, அதப் போட்டுக்கிட்டாதான் எனக்கு இங்க வேல ஓடுது. அந்த ராகத்துக்குத்தானே வார்த்த எழுதினேன், இன்னுமா கண்டுபிடிக்கல?"

இருபத்தாறு மாதம் நான் பேசியதில் ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை, மச்சான். கடவுளுக்கு நன்றி. அப்படியென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கிழிக்கத்தான் பிரித்தேன். ஆனால் அவள் வருகிறாள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.