ஒரே மாதிரி ஆறு வட்டங்கள்

எங்கள் நிறுவனம் தயாரிக்கும் பாட்டுக் கேட்கும் செயலியில் ஒரு பெருங்குறை இருப்பதை இயக்குநர் கண்டுபிடித்தார். பொத்தான்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று முக்கோணம், ஒன்று இரட்டைக் கோடு, இன்னொன்று குப்பைத்தொட்டி. பார்க்கச் சகிக்கவில்லையாம். உடனே ‘தோற்ற ஒருமைப்பாட்டு உயர்மட்டக் குழு’ அமைக்கப்பட்டது. அடியேனும் உறுப்பினன். பதினோரு கூட்டங்கள் கூடி, ஆறு பொத்தான்களும் ஒரே அளவில் சாம்பல் நிற வட்டமாக இருக்கவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

வடிவமைப்பாளர் அம்மாள் மட்டும் கேட்டுத் தொலைத்தார்.

“சார், பாடு, நிறுத்து, அழி எல்லாம் ஒரே மாதிரி இருந்தா எது எதுன்னு எப்படித் தெரியும்?”

“பழகிடும்மா. உங்க வீட்டுல சுவிட்ச் எல்லாம் ஒரே மாதிரிதானே?” என்றார் இயக்குநர்.

“ஃபேன் போடப் போனா லைட் எரியும் சார். வீடு அழிஞ்சு போகாது.”

இது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

இயக்குநருக்குப் பாடகராக வேண்டுமென்று நெடுநாள் ஆசை. மூன்று வாரம் குளியலறையில் சாதகம் செய்து, ஒரு பாட்டைப் பாடிச் செயலியில் பதிந்து வைத்திருந்தார். அன்று அமைந்த குரல் பிறகு அமையவே இல்லை. வேறு பிரதியும் இல்லை. வெளியீட்டு விழாவில் அதுதான் முதல் பாட்டு. முன்வரிசையில் நிறுவனத் தலைவர்.

மேடையில் இயக்குநர் ஒரு வட்டத்தை அழுத்தினார். சத்தமே இல்லை.

“பாட்டு எங்கம்மா?” என்றார் மெல்ல.

“அழிச்சிட்டீங்க சார்,” என்றார் பக்கத்தில் நின்ற வடிவமைப்பாளர்.

“மீட்கிற பட்டன் இருக்குமே?”

“இருக்கு சார். இந்த ஆறுல ஒண்ணு.”

ஆண்டவன்மேல் பாரத்தைப் போட்டு இன்னொரு வட்டத்தை அழுத்தினார். மீதிப் பாட்டுகளும் போயின. மனிதர் கண் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

தலைவர் எழுந்தார். “ஆஹா! கண்ணுக்கும் தொந்தரவில்ல, காதுக்கும் தொந்தரவில்ல. இதுதான்யா எளிமை!” என்று கைதட்டினார். அவர் தட்டும்போது நாங்கள் சும்மா இருப்போமா? மண்டபமே அதிர்ந்தது.

இப்போது ஊரெல்லாம் எங்கள் செயலிதான். நேற்று லிஃப்டில் ஐந்து பேர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்மூடித் தலையாட்டினார்கள். இயக்குநர் மட்டும் மூலையில் நின்று ஒவ்வொரு வட்டமாக அழுத்திக்கொண்டிருந்தார். இன்னும் தேடுகிறார்.

நானும் கருவியை மாட்டிக்கொண்டேன். சத்தமே இல்லை. தலையாட்டினேன். ஆட்டாவிட்டால் இசை ஞானம் இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களே.