கீழ்வீட்டுக்கு இறங்கிய கொக்கி

மாடி பால்கனியில் கைநழுவிய சாவிக்கொத்து கீழ்வீட்டு பால்கனிக் கம்பியில் ஒரு முறை மோதி, 'கிளிங்' என்று சத்தம் போட்டுவிட்டு, உள்ளே தெறித்து விழுந்தது.

திரைச்சீலைக் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைச் சாவி! கடை வாசலில் தையல்காரம்மாவும், திரைகளை வாங்கிப்போக வந்த ஓட்டல் மேனேஜரும் காத்திருந்தார்கள்.

"கீழ போய்க் கேட்டா ஒரு நிமிஷ வேலை," என்றாள் மனைவி.

"அவன் வாசப்படிய மிதிக்கறதுக்குப் பதிலா நான் இங்கேருந்து குதிப்பேன்."

"குதிச்சாலும் அவங்க பால்கனியிலதான் விழுவீங்க."

கீழே குடியிருந்தவர் அவருடைய சகலை. மனைவியின் தங்கை கணவர். அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்தபோது திரை மாட்டிக் கொடுத்தது இவர்தான். சகலையின் முதலாளி விருந்துக்கு வந்த அன்று ஒரு கொக்கி கழன்று, மொத்தத் திரையும் கம்பியோடு முதலாளியின் தலையில் இறங்கியது. "கொக்கி விக்கறவர் மாட்டின லட்சணமா இது?" என்று சகலை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. அக்காவும் தங்கையும் மட்டும் மாடிப்படியில் நின்று நான்கு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டார்கள்.

கடைக்காரரைப் பொறுத்தவரை கொக்கியால் ஆகாத காரியம் உலகத்தில் கிடையாது. அவர் வீட்டில் குடை, பை, சீப்பு, கரண்டி, செருப்பு எல்லாமே கொக்கியில்தான் தொங்கின. சும்மா நின்றால் தன்னையும் மாட்டிவிடுவார் என்று மனைவி ஓரிடத்தில் நிற்பதே இல்லை.

"எக்கேடோ கெட்டுப் போங்க," என்று அவள் குளிக்கப் போனாள்.

அவர் ஒரு திரைக் கொக்கியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். கீழ்வீட்டு பால்கனிக்கு மேலே தகரத் தடுப்பு மறைத்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கயிற்றை ஆட்டி ஆட்டி உள்ளே வீசினார். ஏதோ மாட்டியது. சந்தோஷமாக இழுத்தார்.

பூப்போட்ட துண்டு வந்தது.

"சின்னக் கொக்கி. அதான் கண்டதையும் பிடிக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அலமாரிக்குள் துணி மாட்டும் ஹேங்கரை வளைத்துப் பெரிதாக ஒன்று செய்தார்.

குடை வந்தது.

போன் அடித்தது. "ஐயா, மேனேஜர் வெயில்ல நிக்கறாரு," என்றாள் தையல்காரம்மா.

"வந்துட்டே இருக்கேன்னு சொல்லும்மா."

"அப்பவும் அதைத்தான் சொன்னேன். எதுலய்யா வர்றீங்கன்னு கேக்கறாரு."

துண்டையும் குடையையும் திருப்பிப் போட்டுவிடலாமா? போட்டால் சத்தம் கேட்கும். சகலை வெளியே வந்து எட்டிப் பார்ப்பான். சாவி கிடைத்த பிறகு மொத்தமாக இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். இருந்த கொக்கிகளையெல்லாம் சேர்த்துக் கட்டி, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டி மாதிரி ஒன்றைத் தயாரித்தார். அதன் அழகை ஒரு கணம் தானே ரசித்தார்.

அது இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தது. அடுத்த முறை கெட்டில். அதற்கடுத்து ஒரு முக்காலி.

அவருக்கு வியர்த்தது. கை வைத்த இடமெல்லாம் மாட்டுகிறது, சாவி மட்டும் மாட்டவில்லை! சாவிக்காகத் தொடங்கிய வேலை, பட்டப்பகலில் வீடு புகாத திருட்டாக முடிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று கடைசியாக இறக்கினார். கயிறு கனத்தது. மூச்சுப் பிடித்து இழுத்தார்.

மிக்ஸி வந்தது. மூடியோடு. வயரைக்கூட ஒழுங்காகச் சுற்றியிருந்தது.

"ஏங்க!" ஈரத் தலையோடு மனைவி பால்கனிக் கதவருகே நின்றாள். "இது என் தங்கச்சி மிக்ஸி!"

"நான் எடுக்கலை. அதுவா மாட்டிக்குச்சு."

"மிக்ஸி அதுவா மாட்டிக்குமா? சாவி எங்க?"

"அது ஒண்ணுதான் மாட்டலை."

அவள் முக்காலியைப் பார்த்தாள், கெட்டிலைப் பார்த்தாள். "கட்டின நாளா உங்க கொக்கியால மானம் போகுதுன்னு பார்த்தா, இப்ப போலீசும் வரப்போகுது. கூடப் பிறந்தவ வீட்டையே இப்படி..."

வாசல் மணி அடித்தது.

"அவன்தான்! பார்த்துட்டான் போல, ஊரையே கூட்டிட்டு வந்திருப்பான்." கடைக்காரர் ஒரு புதுத் திரைச்சீலையை விரித்து மொத்தக் குவியலையும் மூடினார். மூடிய பிறகு குவியல் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தார். மிக்ஸி முதுகில் குத்தியது. சகலையிடம் மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தார். இத்தனை மாதம் பேசாததில் அந்த வார்த்தைகளே மறந்துபோயிருந்தன.

மனைவி கதவைத் திறந்தாள். தங்கை மூச்சிரைக்க நின்றாள்.

"அக்கா, அத்தானுக்கு என்னதான் வேணும்னு கேட்டுச் சொல்லு! இத்தனை நாள் கழிச்சு ஏதோ கேக்கறாரு, இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு இவர் காலையிலேருந்து கொக்கியில ஒவ்வொண்ணா மாட்டி அனுப்பிட்டு இருக்காரு. எதுவுமே பிடிக்கலை போலன்னு இப்ப டிவியைக் கழட்டறாரு!"