நிச்சயத் தட்டில் வைத்த போனின் கவர் குறித்து

கோவில்பதாகை,
வியாழக்கிழமை.

நூம்பலில் வசிக்கும் மதிப்பிற்குரிய பரந்தாமன் மாமா அவர்களுக்கு,

உங்கள் வருங்கால மருமகன் கோகுல்நாத் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். அங்கே எல்லாரும் என்மேல் கோபமாகவும் மற்றபடி சௌக்கியமாகவும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'வருங்கால' என்று போட்டிருக்கிறேனே, அந்தச் சொல் இன்னும் செல்லுமா செல்லாதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் பெண் நிவேதிதா என் அழைப்பை எடுத்து ஒன்பது நாள் ஆகிறது. உங்கள் எண்ணுக்கு அடித்தால் வசந்தகுமாரி அத்தை எடுத்து, "மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு கீறாரு, அப்பால பேசு கண்ணு" என்று வைத்துவிடுகிறார். காலையில் அடித்தாலும் அதே பதில், மதியம் அடித்தாலும் அதே பதில். உங்களிடம் இருப்பது இரண்டு மாடு. இரண்டு மாடு ஒன்பது நாளாக விடாமல் தண்ணீர் குடிக்கிறது என்றால் மாட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஆகவே எழுதுகிறேன். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை விடாமல் படிக்கிறவர் நீங்கள், இதையும் கடைசி வரை படிப்பீர்கள்.

முதலில் நிச்சயதார்த்தத்தன்று நடந்தது. அதற்கு என் தரப்பில் ஒரு விளக்கம் உண்டு. அப்பா முப்பத்திரண்டு வருடம் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்தவர். புதுக் குடை வாங்கினால் குழாய்க்கு அடியில் பத்து நிமிடம் விரித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மழைக்கு எடுத்துப் போவார். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான், படித்தது பிளாஸ்டிக் டெக்னாலஜி, பார்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் தரப் பரிசோதனை வேலை. அதனால் பெண்ணுக்குத் தட்டில் வைக்கப் போனை வாங்கியதும் அதற்குப் பதினொரு கவர் வரவழைத்து, வளைத்து, முறுக்கி, வெயிலில் காயவைத்து, பத்தைத் தள்ளிவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கறுப்பு, தடித்தது, நாலு மூலையிலும் காற்றுப் பை, திரையைவிட ஒன்றரை மில்லிமீட்டர் உயரமான விளிம்பு. சந்தையில் அதற்கு மேல் கிடையாது. அதைப் போட்டே தட்டில் வைத்தேன். நிவேதிதா தட்டிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாது இது, டிபன் பாக்ஸா?" என்று கேட்டாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம். எழுந்து நின்று விளிம்பைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவள், "நான் கீழ போடமாட்டேங்க" என்றாள். கீழே போட்டவர்கள் எல்லாரும் அதற்கு முந்தின நிமிடம் வரை சொன்னது அதுதான். வாயால் சொல்லிப் பயனில்லை என்று போனை வாங்கி, நெஞ்சு உயரத்திலிருந்து மூன்று முறை போட்டுக் காட்டினேன். ஒருமுறை முகம் கீழே, ஒருமுறை முதுகு கீழே, ஒருமுறை மூலை கீழே. மண்டபத் தரை கிரானைட். மூன்றாம் முறை எகிறி உங்கள் காலடியில் வந்து நின்றது. ஒரு கீறல் இல்லை. கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். உங்கள் அக்கா கண்ணம்மா அவர்கள் மட்டும், "தட்ல வெச்சதத் தரையில போட்டான்டி, அதுவும் மூணு வாட்டி" என்றார். மூன்று முறை போடுவது நியதி, மாமா. ஒரு முறை போட்டால் அது விபத்து. இதை அன்றே சொன்னேன், யாரும் கேட்கிற மனநிலையில் இல்லை.

இதைச் சரிசெய்யத்தான் அடுத்த ஞாயிறு நிவேதிதாவைப் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனேன், அவளுக்குப் பிடித்த கவரை அவளே எடுக்கட்டும் என்று. கண்ணம்மா அவர்கள் துணைக்கு வந்தார், பட்டுப்புடவையில். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடை, சுவர் முழுக்கக் கவர் தொங்குகிறது. அவள் போய் நேராக ஒன்றை எடுத்தாள். கண்ணாடி மாதிரி இருக்கிறது, உள்ளே எண்ணெய், எண்ணெயில் ஜிகினா மிதக்கிறது. "சாய்ச்சா அப்டியே மெதக்குது பாருங்க" என்றாள். அந்த இடத்தில் வேறு ஒருவன் 'ஆமாம், அழகாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு வந்திருப்பான் என்று எனக்கு இப்போது தெரிகிறது. நான் கடைக்காரரிடம் இது என்ன மெட்டீரியல் என்று கேட்டேன். சிலிக்கான் என்றார். இது சிலிக்கான் இல்லை என்றேன். முகர்ந்தேன், நகத்தால் கீறினேன். அவர், "அண்ணாத்தே, கவரு பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? ரெண்டையும் இப்டிப் பாத்தா ஒண்ணுகூட வூடு வந்து சேராது" என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இந்த ஒட்டு ஒரு மாதம் தாங்காது, எண்ணெய் வெளியே வரும் என்று சொல்லி லேசாகத்தான் அமுக்கினேன். ஒரு மாதம் தாங்காது என்று சொன்னது என் தவறு, ஒரு நொடி தாங்கவில்லை. எண்ணெய் முழுவதும் கண்ணம்மா அவர்களின் பட்டில். ஜிகினா தலைமுடியில். "மார்கழி மாசத்துக் கோயிலு மாறி மின்னிகினு கீறேன், இன்னும் இன்னாடா வேணும் உனக்கு" என்று அவர் ஷேர் ஆட்டோவில் நூம்பல் வரை சொல்லிக்கொண்டே வந்தார். நிவேதிதா வழி முழுக்க ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே மூன்றாவதாக, கடையில் கிடைப்பது எதுவும் சரியில்லை, நாமே செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். கம்பெனியில் மாதிரி எடுக்கிற மெஷின் மதிய இடைவேளையில் சும்மா இருக்கும். மேலாளரிடம் அனுமதி வாங்கி, நாலு நாள் சாப்பிடாமல் நின்று, சாம்பல் நிறத்தில் ஒரு கவர் எடுத்து உங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். எங்களிடம் சாம்பல்தான் இருந்தது. அளவு மிகக் கச்சிதம். கச்சிதம் கொஞ்சம் கூடிவிட்டது. பவர் பட்டன் இருக்கும் இடத்தில் அரை மில்லிமீட்டர் இறுக்கம். அதற்கடுத்த ஞாயிறு மத்தியானம் உங்கள் வீட்டில் கண்ணம்மா அவர்கள் அதைக் கையில் வைத்து நாலு தரம் அழுத்திப் பார்த்திருக்கிறார், பட்டன் தானாக ஐந்தாறு முறை அமுங்கியிருக்கிறது, போன் யாருக்கோ ஆபத்து என்று நினைத்து அவசர உதவி எண்ணுக்கு அடித்துவிட்டது. அங்கிருந்து ஒரு பெண் திரும்பக் கூப்பிட்டு, என்னம்மா ஆபத்து என்று கேட்டதற்கு இவர், "ஆபத்துலாம் ஒண்ணியும் இல்ல கண்ணு, எங்க ஊட்டு மாப்ள செஞ்ச டப்பா" என்று சொல்லியிருக்கிறார். டப்பா என்றால் என்ன டப்பா என்று அவர்களுக்குக் கவலை வந்து, இரண்டு போலீஸ்காரர்கள் பைக்கில் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, மோர் குடித்துவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். தெரு முழுக்க வாசலில் நின்றதாம். இதில் உங்களுக்கு ஏற்பட்ட தலைகுனிவுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். பட்டன் பக்கம் அரை மில்லிமீட்டர் செதுக்கினால் சரியாகிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை கண்ணம்மா அவர்கள் ஆட்டோவில் வந்து போனைப் பெட்டியோடு அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். தட்டில் வைத்தது திரும்பி வந்தால் நிச்சயமே திரும்பி வந்த மாதிரி என்று அம்மா அழுதார். அப்பா பெட்டியைத் திறந்து சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். கண்ணம்மா அவர்கள் போகும்போது நிவேதிதா சொல்லச் சொன்னதாக ஒன்று சொன்னார். "போனு ஒடையுமா ஒடையாதான்னு ஊரெல்லாம் கேக்கறாரு. உனக்கு இன்னா புடிக்கும்னு என்னை ஒருவாட்டி கேட்டாரா?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று கவரையும் மனதில் வரிசையாக வைத்து, எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். முதல் கவர் நான் எடுத்தது. இரண்டாவதை அவள் எடுத்தாள், நான் உடைத்தேன். மூன்றாவது நானே செய்தது. கேட்கவே இல்லை, மாமா. எங்கள் கம்பெனியில் இப்படி முதல் படியை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் சரியாகச் செய்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஒன்பது நாள் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவளிடம் சொன்னதில்லை. லேப்பில் வேலை முடிந்து அவள் வேலப்பன்சாவடியில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குவதை, நிச்சயத்துக்கு முன்னால் ஒருநாள், எதிர்ப்பக்கமிருந்து பார்த்தேன். கையிலிருந்த பழைய போன் ரோட்டில் விழுந்தது. அவள் பின்னால் என்ன வருகிறது என்றுகூடப் பார்க்காமல் பதறிக் குனிந்தாள். ஒரு லாரி ஒதுங்கிப் போனது. விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் அப்படிக் குனிய மாட்டாள் அல்லவா? எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைச் சொல்லத் தெரியாமல் விளிம்பு உயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே மாமா, தயவுசெய்து நீங்கள் அவளிடம் பேசுங்கள். பெரியவர் சொன்னால் கேட்பாள். அவளுக்குப் பிடித்த கவர் எதுவோ அதை நீங்கள் கேட்டு எனக்கு எழுதினால் மறுபேச்சில்லாமல் வாங்கிவருகிறேன். கறுப்புக் கவர்தான் சிறந்தது என்ற என் கருத்தில் மாற்றமில்லை, ஆனால் அதை இனி வெளியே சொல்லமாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். கண்ணம்மா அவர்களின் பட்டுப்புடவையை ஆவடியில் எனக்குத் தெரிந்த டிரை கிளீனரிடம் கொடுக்க ஆசைப்படுகிறேன், எண்ணெய்க் கறைக்கு அவரிடம் முறை இருக்கிறது. மாடுகளின் தாகம் தணியட்டும். உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,

கோகுல்நாத்.

பி.கு.: மாமா, மேலே எழுதியதில் வணக்கத்தையும் கையெழுத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். இன்று வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதத்தையும் போனையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தேன். மதியம் கம்பெனி வாசலுக்கு நிவேதிதாவே வந்துவிட்டாள், லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி, தனியாக. எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம். போனை எடுத்து வைத்து, என்ன கவர் வேண்டும் என்று கேட்டேன். "கவரே வேணாம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஊதாக் கலரு போன் நீங்க பத்து கடை ஏறித் தேடுனீங்கன்னு உங்க அம்மா சொன்னாங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நான் கட்டியிருந்த பொடவக் கலராமே. அதை எனக்கு ஒருநாளாவது கண்ணுல காட்னீங்களா? டிபன் பாக்ஸ் போட்டு மூடிட்டீங்க, அப்புறம் சாம்பல் போட்டு மூடிட்டீங்க" என்றாள். சரி, வேண்டாம் என்றேன். வெறும் போனைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். சிமெண்டுப் படியில் விழுந்தது. முகம் கீழே. ஒரு மூலையில் நீளமாக விரிசல். எடுத்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க, பரவால்ல" என்றாள். டீ ஆறுகிறது, குடி என்றேன்.

இதை எழுதும்போது எதிரே உட்கார்ந்து தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். லாரி பத்தியை இரண்டு முறை படித்துவிட்டு எனக்கு இன்னொரு டீ சொன்னாள். கடிதத்தை அவளே உங்களிடம் கொண்டுவருகிறாள். தை மாதத் தேதியில் மாற்றமில்லை என்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.