நகப்பூச்சு காயும் வரை

எங்கள் சான்றிதழ் அலுவலகத்தில் மூன்று ஜன்னல்கள் உண்டு. முதல் ஜன்னலில் பிறப்பு, இரண்டாவதில் குடியிருப்பு, மூன்றாவதில் இறப்பு. மூன்றாவது ஜன்னல் நான்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை அழுது வீங்கிய முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வேண்டாமா? அதனால் நகத்துக்குச் சிவப்புப் பூச்சு போட்டுக்கொண்டு போனேன். சிவப்பென்றால் சாதாரணச் சிவப்பில்லை, பழுத்த தக்காளிச் சிவப்பு. மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. என் காசு, என் நகம். யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

நட்டம் ஒருவருக்கு ஏற்பட்டுவிட்டது. மாமனாரின் இறப்புச் சான்றிதழ் வாங்க வந்த ஒருவர், போன கையோடு ஒரு புகார் எழுதிப் போட்டுவிட்டார். ‘துக்கத்தில் இருந்த என்னிடம் சான்றிதழை நீட்டிய ஊழியரின் நகங்கள் மிகுந்த உற்சாகத்துடன் காணப்பட்டன’ என்று.

தலைமை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் கண்காணிப்பாளர் நின்றார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. மனைவியிடம் காபி கேட்பதையே ‘ஆவன செய்யுமாறு’ என்றுதான் முடிப்பாராம்.

“இந்த நகம் உங்களோடதா?” என்றார் அதிகாரி.

“ஆமா சார். பொறந்ததிலிருந்தே.”

“அலுவலக நேரத்துலயும் இப்படித்தானா?”

“அப்பவும் விரல்லதான் சார் இருக்கும். கழட்டி வைக்க முடியாது.”

“வாய் வேற,” என்றார் அவர். எனக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். வீட்டுக்காரர் லாரி ஓட்டி ஓட்டி முதுகு போய்ப் படுத்திருக்கிறார், மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். வாயை அடக்கிக்கொண்டு, “இன்னைக்கே அழிச்சிட்டு வந்துடறேன் சார்,” என்றேன்.

சுற்றறிக்கை பதறிப்போனார். “அழிக்கறதா? சாட்சியத்தை அழிக்கறது தனிக் குற்றம்மா! விசாரணை முடியற வரைக்கும் அந்த நகத்தைத் தொடக்கூடாது. வெட்டவும் கூடாது.”

அரசு ஊழியர் எந்த நிறத்தில், எந்த வகையில் நகப்பூச்சு பூசலாம் என்பதை ஒப்பிட்டு ஆராய்ந்து அறிக்கை தர ஒரு குழு அமைக்கப்பட்டது. என் சிவப்பு தகாதது என்று அறிக்கை வந்தால் எனக்கு வேலை இல்லை. அதுவரை மூன்றாம் ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள். ஊரில் சாகிறவர்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அலுவலக முறைப்படி ஒருவரும் சாகவில்லை.

குழுவில் தலைமை அதிகாரி, சுற்றறிக்கை, கணக்கர். மூவரும் ஆண்கள். “ஒரு பொம்பளையைப் போட்டிருக்கலாமே சார்?” என்று கேட்டேன்.

“பூசிப் பழகினவங்களைப் போட்டா சொந்த அனுபவம் குறுக்கிடும். ஆய்வு நடுநிலையா இருக்காது,” என்றார் சுற்றறிக்கை.

ஆனால் மூடியைத் திறக்கவே மூவருக்கும் தெரியவில்லை. கணக்கர் பல்லால் கடித்துப் பார்த்தார். கடைசியில் குற்றம் சாட்டப்பட்ட என்னையே பூசிவிடச் சொல்லி உத்தரவு வந்தது. தூக்கில் தொங்கப்போகிறவனையே கயிறு திரிக்கச் சொன்ன மாதிரி உட்கார்ந்தேன்.

மேசை நிறையக் குப்பிகள். ஒவ்வொன்றுக்கும் கம்பெனிக்காரன் ஒரு பெயர் வைத்திருந்தான். சுற்றறிக்கை எழுந்து நின்று, இரங்கல் தீர்மானம் வாசிக்கிற குரலில் வாசித்தார். “ஐயா, தங்கள் கட்டைவிரலுக்குக் ‘கள்ளச் சிரிப்பு’ முன்மொழியப்படுகிறது. தொடர்ந்து ‘மழைக்குப் பின் முத்தம்’ பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.”

அதிகாரி இருமினார். “முத்தத்தைக் கணக்கர் விரல்ல போடுங்க,” என்றார்.

நான் ஒரு விரலுக்கு ஒரு நிறமாகப் பூசப் போனேன். சுற்றறிக்கை தடுத்தார்.

“அதெப்படி? கட்டைவிரல் அகலம், சுண்டுவிரல் ஒடுக்கம். ஒரு நிறத்துக்கு அகல நகம், இன்னொண்ணுக்கு ஒடுக்க நகம்னா அது பாரபட்சம். ஒப்பீடுன்னா சம வாய்ப்பு வேணும். எல்லா நிறத்தையும் ஒரே நகத்துல பூசுங்க.”

“ஒண்ணு மேல ஒண்ணா சார்?”

“வரிசைப்படி.”

கணக்கரின் வலது கட்டைவிரல் தேர்ந்தெடுக்கப்பட்டது. ரோஜா மேல் நீலம், நீலத்தின் மேல் பச்சை, பச்சையின் மேல் காப்பி நிறம். நகம் கொட்டைப்பாக்கு அளவுக்குத் திரண்டது. பேனா பிடிக்க முடியாமல் அவர் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டே நடந்ததைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

குழுவின் முடிவு இப்படி எழுதப்பட்டது: ‘ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட நிறங்கள் அனைத்தும் இறுதியில் ஒரே சேற்று நிறத்தை அடைவதால், நிறங்களுக்கிடையே வேறுபாடு எதுவும் இல்லை எனக் குழு கருதுகிறது.’

எனக்கு உயிர் வந்தது. “அப்ப என் சிவப்புல தப்பில்லைதானே சார்?”

“உங்க சிவப்பும் சேறுதான். ஆனா அது இன்னும் அந்த நிலைக்கு வரலை. அதனால நிலுவையில் வைக்கப்படுகிறது,” என்றார் சுற்றறிக்கை.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் படுத்தபடியே, “நான் அப்பவே சொன்னேன்,” என்றார். எப்போது, என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆற்றாமையில் அன்றைக்கு அழுதேன். கண்ணைத் துடைக்கப் போனால் நீண்ட நகம் குத்தியது. சாட்சியம் வளர்ந்துகொண்டிருந்தது.

நிறம் முடிந்ததால் அடுத்து வகை. பளபளப்பே இல்லாத மேட், பளபளப்பு, மினுக்கு, பிறகு முகம் பார்க்கலாம் போன்ற வெள்ளிப் பூச்சு. வகைகளையும் ஒரே நகத்தில் பூசலாம் என்று சுற்றறிக்கை சொல்ல, கணக்கர் கைகூப்பிவிட்டார். ஆளுக்கொரு வகை என்று முடிவாயிற்று. மேட் பற்றி, ‘அடக்கமாக இருக்கிறது, எதிர்த்துப் பேசாது, குமாஸ்தாக்களுக்குத் தகும்’ என்று குறித்தார்கள். மினுக்கு பற்றி, ‘தூரத்தில் பார்த்தால் வேலை நடப்பது போல் தெரிகிறது’ என்று பாராட்டினார்கள். வெள்ளி அதிகாரிக்குப் போயிற்று. பத்து விரலிலும் தன் முகத்தைப் பார்த்தவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கட்டுக் கோப்பு வந்தது. அவசரக் கையெழுத்தாம். அதிகாரி பழக்கத்தில் பேனாவுக்குக் கை நீட்டினார்.

“ஐயோ சார், தொடாதீங்க! காயலை. பட்டா அப்படியே ஈஷிக்கும்,” என்று கத்திவிட்டேன்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. கோப்பைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

“காயலைன்னா தொடக்கூடாதா?”

“கூடாது சார்.”

“எதையுமேவா?”

“எதையுமே.”

“காஞ்சப்புறம்?”

“இன்னொரு பூச்சு போடணும் சார். அப்பதான் நிக்கும்.”

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாவம், எத்தனை காலமாக ‘மீட்டிங்’ என்றும் ‘சர்வர் வேலை செய்யலை’ என்றும் சொல்லிச் சொல்லி வாய் வலித்த மனிதர்! சர்வரை யார் பார்த்தார்கள்? அதனால் ஜனங்கள் சந்தேகப்படுகிறார்கள். நகம் அப்படியில்லையே. நீட்டிக் காட்டினால் கண்ணெதிரே ஈரம்.

அவ்வளவுதான், ஆய்வு மும்முரமாகிவிட்டது. குழு போதாதென்று மொத்த அலுவலகமும் உறுப்பினரானது. பக்கத்து மேசைக்காரர் மின்விசிறிக்குக் கீழே விரல்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓட்டுநருக்கு நகம் காயாததால் வண்டி நகரவில்லை. தொலைபேசி அடித்தால் எல்லோரும் அதைப் பரிவோடு பார்த்தார்கள். வாசலில் ஒரு பலகை தொங்கியது: ‘பூச்சு காய்கிறது. பொதுமக்கள் பொறுமை காக்கவும்.’

பொதுமக்கள் முதலில் சத்தம் போட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, இவர்களாவது கேட்பார்கள் என்று. ஆனால் வரிசையில் நிற்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே! மெல்ல மெல்லப் பேச்சு மாறியது.

“நேத்து ரெண்டாம் ஜன்னல்காரருக்கு மினுக்கு எடுப்பா இருந்துச்சு. இன்னைக்கு மேட் போட்டு டல்லாயிட்டாரு.”

“பெரிய ஆபீசர் வெள்ளியைப் பாத்தீங்களா? அந்தக் கைக்கு ஒரு களை வந்துருச்சு.”

“பக்கத்து ஆபீஸ்ல வெறும் பளபளப்புதானாம். அதிகாரம் குறைஞ்ச இடம்.”

என் வீட்டுக்காரர்கூடப் படுக்கையிலிருந்தே கேட்டார், “வர்றப்ப அந்த வெள்ளியில ஒரு குப்பி கிடைக்குமா?” என்று.

இதற்குள் என் நகத்துச் சிவப்பு அடியிலிருந்து நகர்ந்து நுனிக்குப் போய், ஒருநாள் உடைந்து விழுந்தே போயிற்று. நான் தொடவில்லை. தானாகத்தான் விழுந்தது.

மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. இந்த ஊரில் யாரும் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை, வீடு மாறவும் இல்லையே, என்ன விஷயம்? அதிகாரி ஆடிப்போனார். சுற்றறிக்கை ஆடவில்லை. உட்கார்ந்து ஓர் உத்தரவு தயாரித்தார்: ‘ஆய்வுக்கு ஊறு நேராவண்ணம், இவ்வலுவலகத்தில் ஓர் ஊழியர் மட்டும் எந்நேரமும் காய்ந்த கையுடன் இருத்தல் வேண்டும். மூன்று வகைச் சான்றிதழ்களையும் அவரே கையெழுத்திட்டு வழங்குவார். அவரது ஜன்னலுக்குப் பொதுமக்கள் வராவிடில் அப்பணியிடம் ரத்தாகும்.’

அலுவலகம் முழுக்கத் தேடினார்கள். காய்ந்த கை என் ஒருத்திக்குத்தான் இருந்தது. சாட்சியமே உதிர்ந்துவிட்டதால் என் மீதான குற்றச்சாட்டும் உதிர்ந்ததாக ஒரு வரி சேர்த்தார்கள். அதிகாரி கையெழுத்துப் போட இடது கைச் சுண்டுவிரலை மட்டும் கொஞ்சம் காயவிட்டாராம். அது அவர் செய்த தியாகம் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

மூன்றாம் ஜன்னல் பலகையைப் பிடுங்கியபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே! மகளின் படிப்பு தப்பியது என்று நினைத்தேன். முத்திரையைத் துடைத்து, மேசையைத் துடைத்து உட்கார்ந்தேன். முதல் ஜன்னலில் சுற்றறிக்கையே வந்து உட்கார்ந்து, தானும் வெள்ளி பூசிய விரல்களை விரித்து ஊதிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் வரிசை தெருவரைக்கும் நின்றது.

“இங்க வாங்க! உடனே தர்றேன்!” என்று கூப்பிட்டேன்.

ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். என் கையைப் பார்த்தார்.

“மேடம், நீங்க தற்காலிகமா?”

“நிரந்தரம்தான். தாளைக் குடுங்க.”

“நகத்துல ஒண்ணையும் காணோமே.”

“அதனாலதாங்க வேலை நடக்குது.”

“உங்க கையெழுத்து செல்லுமா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், “எதுக்கு வம்பு, நான் அங்கேயே நின்னுக்கறேன்,” என்று போய்விட்டார்.

பிறகு ஓர் அம்மா வந்தார். கணவருக்கு இறப்புச் சான்றிதழ். வாங்கினேன், சரிபார்த்தேன், கையெழுத்து, முத்திரை, கொடுத்துவிட்டேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அதுக்குள்ளயா?”

“அவ்வளவுதாம்மா வேலை.”

“இவ்வளவு சீக்கிரம் வந்தா போலியா இருக்கப்போகுது,” என்று முணுமுணுத்துக்கொண்டே, அது நிஜம்தானா என்று கேட்க முதல் ஜன்னல் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். அதைப் பார்த்த பிறகு என் பக்கம் ஓர் ஈ, காக்கைகூட வரவில்லை. தொண்டை வற்றக் கூப்பிட்டேன். எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தேன். “ஈரமா இருக்கு, தொடாதீங்க,” என்று பூச்சு போட்ட கையை இழுத்துக்கொண்டார்கள்.

உத்தரவு உத்தரவுதான். பொதுமக்கள் வராததால் பணியிடம் ரத்து. எனக்கு வேலை போயிற்று.

டம்ளரையும் சாப்பாட்டு டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு, மகளிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தபடி வெளியே வந்தேன். வரிசையில் நின்றிருந்த அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

“வேலை போயிடுச்சாமே? அடப் பாவமே! தங்கமான மனசு உங்களுக்கு. வேலையும் என்ன சுறுசுறுப்பு!” என்றவர், என் விரல்களைக் குனிந்து பார்த்தார். “ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாலு பேர் வந்துபோற இடம். நகத்தைக் கொஞ்சம் கவனிச்சிருக்கலாமில்லையா?”

வரிசை முழுக்க ஆமாம் என்று தலையாட்டியது. ஆட்டிவிட்டு, அவரவர் நகத்தை ஊதிக்கொண்டு நின்றது.