செஞ்சியில் அதிகாரி செத்துக் காட்டிய பாடம்

ஆங்கில மரபுத்தொடர்களை நாடகம் போட்டே கற்பிக்க வேண்டுமென்று அறுபத்துமூன்றில் மேலிடத்து உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவருக்கு நாடகம் தெரியாது. எங்கள் செஞ்சிப் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. கணக்குச் சரியாய்ப் போயிற்று.

இங்கிலீஷ் வாத்தியார் குணபாலனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி தனசேகரன் கையெழுத்துப் போட்டால் உண்டு. இல்லாவிட்டால் தளவானூரில் நைனாவோடு மல்லாக்கொட்டை பிடுங்க வேண்டியதுதான். பாவம், மனுஷன் நடுங்கிக் கிடந்தார்.

அன்றைய தொடர் ‘கிக் தி பக்கெட்’, அதாவது மண்டையைப் போடுவது. மைதானத்தில் ஒரு மாணவன் வாளியை உதைத்துவிட்டு நாசூக்காகச் சாய்ந்தான்.

“இதெல்லாம் ஒரு சாவாய்யா? தள்ளு!” என்று அதிகாரி எழுந்தார். கோட்டுகூடக் கழற்றாமல் வாளியை உதைத்து, “ஐயோ!” என்று மல்லாந்தார்.

நன்றாகத்தான் செத்தார். அதுவே வினையாயிற்று. வேடிக்கை பார்த்த பெண்கள் ஓடிவந்து மாரடித்து அழுதார்கள். எங்கள் பக்கத்துத் திரௌபதை அம்மன் திருவிழாவில், படுகளத்தில் செத்து விழுந்தவன் தானாக எழக் கூடாது. திரௌபதை வேஷக்காரர் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாட்டையால் ஒன்று போட்டால்தான் உயிர்.

“ஏம்மா, நான் எழுந்துக்கறேன்.”

“செத்தவரு பேசக்கூடாது, படுங்க!” என்று செல்லம்மாள் அவர் நெஞ்சை அழுத்தினாள். “வேஷக்காரரு சீயமங்கலம் போயிருக்காரு. சாயந்திரம் பஸ்ஸுல வந்துடுவாரு.”

“ஐயையோ, என் கையெழுத்து?” என்று குணபாலன் அலறினார்.

“செத்தவர் கையெழுத்து செல்லாது,” என்றார் தலைமையாசிரியர். விதி தெரிந்தவர்.

அதிகாரியோடு வந்த உதவியாளர் விநாயகம் தொண்டையைச் செருமினார். “அவரு இல்லாதப்ப பொறுப்பு என்னுதுதான்.” காலி நாற்காலியில் உட்கார்ந்தார். பாடம் தத்ரூபம் என்று எழுதி, குணபாலனை நிரந்தரமாக்கினார். பிணம் பல்லைக் கடித்தது.

சாயந்திரம் சாட்டையடி பட்டு உயிர்த்ததும், அதிகாரி அதை ரத்து செய்யப் பாய்ந்தார்.

“தாராளமா செய்ங்க சார்,” என்றார் விநாயகம். “நீங்க உசிரோடதான் இருந்தீங்கன்னு எழுதணும். மேலிடத்துப் பாடம் பலிக்கலேன்னு ஆயிடும். பரவாயில்லியா?”

அதிகாரி எடுத்த பேனாவைக் கோட்டுப் பையிலேயே திரும்பச் செருகினார்.

மேலிடத்துக்கு ஏகப் பூரிப்பு. ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் ஒரு தடவையாவது செத்துக் காட்ட வேண்டுமென்று உத்தரவாயிற்று. எங்கள் பிள்ளைகள் ஒப்பாரியில் அபாரமாகத் தேறிவிட்டார்கள். இங்கிலீஷில் ஒருத்தனும் தேறவில்லை. அதைப் பற்றிக் குணபாலனும் கேட்கவில்லை, பெற்றவர்கள் நாங்களும் கேட்கவில்லை. நாங்கள் மனுப்போட்டது வேறு விஷயத்துக்கு. செத்த அதிகாரியை எழுப்புவதா வேண்டாமா என்பதை ஊர் முடிவுக்கே விட்டுவிட வேண்டும்.