தொண்டை கட்டிய ரூம்மேட்

“உன் ரூம்மேட்கிட்ட போனைக் குடும்மா, ஒரு வார்த்தை பேசறேன்” என்றார் அப்பா.

அவள் எதிர்க்கட்டிலைப் பார்த்தாள். வெறும் பலகை. அதன் சொந்தக்காரி ஹாஸ்டலுக்கு வந்த மறுநாளே, பள்ளித்தோழி இருந்த அறைக்கு மூட்டை முடிச்சோடு மாறிப் போய்விட்டாள். அதை வீட்டில் சொல்ல முடியுமா? “தனியா விட்டா தவிச்சுப் போயிடுவே” என்ற அப்பாவிடம், “நான் என்ன பச்சைக் குழந்தையா?” என்று மல்லுக்கு நின்றல்லவா இந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்!

போனின் வாயில் துண்டைப் போர்த்தினாள். குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டாள்.

“வணக்கம் அங்கிள்.”

“என்னம்மா, தொண்டை கட்டியிருக்கா?”

“ஆமா அங்கிள். ஐஸ்க்ரீம்.”

அத்தோடு ஒழிந்தது என்று நினைத்தாள். அந்த வாரமே ரூம்மேட்டுக்கென்று ஒரு பார்சல் வந்தது. தொண்டை மாத்திரையும் கழுத்துக்கு ஒரு மஃப்ளரும். ஞாயிற்றுக்கிழமை மகளிடம், “எப்படி இருக்கே?” என்று கேட்டு, “சூப்பரா இருக்கேன்ப்பா” என்று பதில் வந்ததும், அப்பா ஆவலாக, “அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்கா?” என்றார்.

துண்டு மறுபடி ஏறியது.

“எங்க பொண்ணு ஒழுங்கா சாப்பிடறாளாம்மா?”

துண்டின் மறைவு கொடுத்த தைரியமோ என்னவோ, வாய் தன்னால் திறந்துகொண்டது. “சாப்பிடறா அங்கிள். ஆனா தனியாத்தான். கேன்டீன்ல எந்த மேஜைக்குத் தட்டைத் தூக்கிட்டுப் போனாலும் ‘இங்க ஆள் வராங்க’ங்கறாங்க. அதனால யார்கூடவோ பேசற மாதிரி போனைக் காதுல வச்சுக்கிட்டே சாப்பிடறா. ஒருநாள் அப்படிச் சிரிச்சுப் பேசிட்டிருக்கும்போதே போன் அடிச்சிருச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அப்பா அணைத்தார்.

“எனக்காக நீ அவகூடப் போய் உக்காரும்மா.”

“சரி அங்கிள்” என்று, தனக்குத் தானே துணைக்குப் போவதாக வாக்குக் கொடுத்தாள்.

பிறகு வாராவாரம் இதே கூத்துதான். மகளோடு இரண்டு வார்த்தை, ரூம்மேட்டோடு போன் சூடாகும்வரை பேச்சு. பெற்ற அப்பா யாரோ ஒருத்தியிடம் இப்படி உருகுகிறாரே என்று அவளுக்குப் பொறாமைகூட வந்தது. அந்த யாரோ ஒருத்தி தான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கரகரத்துக் கரகரத்து ஒருநாள் நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது.

“அப்பா, நான்தான்” என்றாள்.

“நீயாம்மா? எங்க பொண்ணைக் கூப்பிடேன்.”

“ஐயோ, நான்தான்ப்பா உங்க பொண்ணு!”

“அப்ப அந்தப் பொண்ணு எங்கே?”

வேறு வழியில்லாமல் குரலை இன்னும் கீழே இறக்கினாள். எருமை இருமியதுபோல் இருந்தது.

“இது சாதாரணத் தொண்டையே இல்ல” என்றார் அப்பா. “சனிக்கிழமை நானும் அம்மாவும் கிளம்பி வரோம். அவளை நல்ல டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்.”

போனை வைத்ததும் அவள் ஓடினாள். மாறிப் போனவளின் அறையைத் தேடிப் பிடித்து, “ஒரே ஒரு நாள் என் ரூம்மேட்டா இரேன்” என்று கெஞ்சினாள்.

அந்தப் பெண் குழப்பத்தோடு பார்த்தாள். “சாரி, நீ எந்த ரூம்?”

திரும்பி வந்து, வெறும் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வீட்டுக்குப் போன் போட்டாள். “நீங்க வர வேண்டாம்ப்பா. அவ காலேஜை விட்டே போயிட்டா.”

“போயிட்டாளா?” அப்பாவின் குரல் இறங்கிப்போனது. “இனிமே வரவே மாட்டாளா?”

“மாட்டாப்பா. எனக்கென்ன, நான் சூப்பரா இருக்கேன்.”

போன் கைமாறும் சத்தம் கேட்டது. அம்மா பேசினாள்.

“அடியே, அவளை எப்படியாவது திரும்பக் கூப்பிடு. பெத்த பொண்ணு குரல் எங்களுக்கு முதல் நாளே தெரியாதா? உன்னைப் பத்தி எங்ககிட்ட உண்மையைச் சொல்ல அவ ஒருத்திதான்டி இருந்தா!”